ஐந்து சென்டிமீட்டர் சதுரம்

கையடக்க நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று, பன்னிரண்டு வண்ணக் கட்டிகள் அடங்கிய தகரப் பெட்டி ஒன்று. ஐந்தரை மாதமாக இவை என் அலுவலகப் பையிலேயே குடியிருக்கின்றன. நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் 5 சென்டிமீட்டர் அளவில் ஆறு சதுரங்கள். நாளுக்கு ஒரு சதுரம். அன்று எனக்குப் பிடித்துப்போன ஏதாவது ஒன்றைப் பத்து நிமிடத்துக்குள் அதில் வரைந்து நீர்வண்ணம் தீட்ட வேண்டும். அழிப்பான் கூடாது. நானே போட்டுக்கொண்ட விதிகள் இவ்வளவுதான்.

ஏன் இத்தனை சிறிய சதுரம் என்று கணவர் கேட்டார். பெரிய தாளில் தொடங்கி மூன்று முறை பாதியில் விட்டவள் நான். வேலைக்குப் போகும், இரண்டு பிள்ளைகளைப் பெற்ற ஒருத்திக்கு முழுத் தாள் என்பது முழு ஞாயிற்றுக்கிழமை. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இதுவரை வந்ததில்லை. பத்து நிமிடங்கள் என்றால் எங்கிருந்தாவது கிடைக்கும்.

1 முதல் 9ஆம் நாள் வரை

ஒன்பது வயது மகள் ஒதுக்கிவைத்த வண்ணப் பெட்டியும் கோடு போட்ட பழைய நோட்டும்தான் முதலீடு. முதல் படம், அன்று காலை திடீரென்று ரத்தான ஒரு கூட்டத்தின் காலி நாற்காலி. நாற்காலி கழுதைபோல வந்திருந்தது. ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் கையில் கிடைத்த குதூகலம் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் திரும்ப வருகிறது.

தாள்தான் பெரிய தலைவலி. தண்ணீர் பட்டதும் அப்பளமாக நெளிந்தது. ஈரம் பட்ட இடத்தில் தாளின் இழைகள் உப்புகின்றன. படாத இடத்தில் அப்படியே இருக்கின்றன. நெளியாமல் என்ன செய்யும்? வழக்கமான அச்சுத் தாள் 80 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம். நீர்வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் தாளைத்தான் பலரும் பரிந்துரைக்கிறார்கள். பத்தாம் நாள் அதை வாங்கினேன். பருத்தி இழையில் செய்த தாள் இன்னும் நன்றாக இருக்கும். விலை என்னைப் பார்த்துச் சிரித்தது, திரும்பி வந்துவிட்டேன்.

இதைத் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன்: காசைத் தாளில் போடுங்கள், வண்ணத்தில் அல்ல. மட்டமான வண்ணத்தை நல்ல தாள் ஓரளவு காப்பாற்றும். நல்ல வண்ணத்தை மட்டமான தாள் நிச்சயம் கெடுத்துவிடும்.

23ஆம் நாள்

முட்டைக்கோசு இலைபோல விளிம்பு நெளிந்த கறைகள் படம் முழுவதும் பூத்துக்கொண்டிருந்தன. காரணம் இன்றுதான் புரிந்தது. வண்ணம் பாதி காய்ந்திருக்கும்போது நான் பொறுமையில்லாமல் ஈரத் தூரிகையோடு திரும்பப் போகிறேன். புதிய தண்ணீர் பாய்ந்து அங்கே இருக்கும் நிறத்துகள்களை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. அது காயும் இடத்தில் வரப்புக் கட்டுகிறது. நனைந்திருக்கும்போது தொடலாம், காய்ந்த பிறகு தொடலாம். இடையில் தொடக் கூடாது. இதில் வாழ்க்கைத் தத்துவம் எதையும் நான் கண்டெடுக்கவில்லை. ஏழு சதுரங்கள் பாழானதுதான் மிச்சம்.

வண்ணம் காய்வதற்கும் பத்து நிமிடக் கணக்குக்கும் ஒத்துவராது என்பதால் வேலையை இரண்டாகப் பிரித்துவிட்டேன். மதிய உணவு முடிந்ததும் முதல் பூச்சு. மாலையில் கணினியை அணைத்துவிட்டுக் கிளம்பும் முன் இரண்டாவது பூச்சு, நிழல்கள் மட்டும். நடுவே நோட்டு மேசை மேல் திறந்தபடி கிடக்கும். யார் யாரோ வந்து எட்டிப் பார்க்கிறார்கள். வேலை விஷயமாக இரண்டு வருடங்களில் நாலு வார்த்தை பேசியிருந்த பக்கத்துப் பிரிவுப் பெரியவர் ஒருவர், "நாற்காலிக்குக் கீழே நிழல் வைக்க மறந்துவிட்டீர்களே அம்மா, அந்தரத்தில் நிற்கிறது" என்றார். வைத்தேன். தரையில் இறங்கிவிட்டது.

31ஆம் நாள்

பஸ்ஸில் வண்ணம் வேண்டாம். முயன்று பார்த்தேன்; முன் இருக்கைக்காரரின் சட்டைக் கழுத்து தப்பியது அவருடைய நல்ல காலம். இப்போது பஸ்ஸில் பென்சில் மட்டும், அதுவும் சிக்னலில் நிற்கும்போது மட்டும். ஒரு சிக்னலுக்கு ஒரு காது, அடுத்த சிக்னலுக்குக் கம்பியைப் பிடித்த கை. சிக்னல் விழுந்தால் சலித்துக்கொண்டிருந்தவள், இப்போது பச்சை விழுந்தால் சலித்துக்கொள்கிறேன்.

தண்ணீர்க் கிண்ணத்தை எங்கே வைப்பது என்ற தொல்லைக்கும் தீர்வு கிடைத்தது. கைப்பிடிக்குள்ளேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் தூரிகை இருக்கிறது. அழுத்தினால் முனையில் ஈரம் வரும். பழைய துணித் துண்டில் துடைத்தால் அடுத்த நிறத்துக்குத் தயார். கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் படத்தில் வெள்ளம். அந்தக் கைப்பழக்கம் வரவே ஒரு வாரம் ஆனது.

அறுபதுகளில் எங்கோ

இந்தப் பகுதியில் ஐந்து சதுரங்கள் வெறுமையாக இருக்கின்றன. சின்னவனுக்குக் காய்ச்சல். எனக்கு அரையாண்டுக் கணக்கு முடிக்கும் வாரம். பின்னால் நினைவிலிருந்து வரைந்து நிரப்பிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். விட்டுவிட்டேன். வெறுமையாக இருந்தால்தான் அது அந்த வாரம் என்று தெரியும்.

ஆறாவது நாள் வரைந்தது அவனுடைய ஒற்றைச் செருப்பு. காய்ச்சல் விட்டதும் அதைத்தான் முதலில் தூக்கி எறிந்தான்.

74ஆம் நாள்

என் பெட்டியில் அதிகம் தேய்வது இரண்டு கட்டிகள்: அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியென்னா என்னும் செங்காவிப் பழுப்பு. இரண்டையும் கலந்தால் சாம்பல் நிறம் வருகிறது. நீலம் கூடினால் மழை மேகம், பழுப்புக் கூடினால் பழைய சுவர். கறுப்புக் கட்டியைத் தொட்டே இரண்டு மாதம் ஆகிறது.

நீலத்தின் பெயர் மகளை ஈர்த்துவிட்டது. கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்று பொருள் என்றேன். ஒரு காலத்தில் இது ஆப்கானிஸ்தானின் மலைகளில் வெட்டியெடுத்த லாபிஸ் லசுலி கல்லை இடித்து எடுத்த நிறம், ஐரோப்பிய ஓவியர்களுக்குக் கடல் தாண்டி வந்து சேர்ந்தது, எட்டாத விலை. இதைச் செயற்கையாகச் செய்து காட்டுபவருக்கு 6,000 பிராங்க் பரிசு என்று 1824இல் பிரான்சில் அறிவித்தார்கள். 1828இல் கிமே என்பவருக்கு அது கிடைத்தது. அதனால்தான் இன்று என் தகரப் பெட்டியிலும் அது ஒரு கட்டியாக உட்கார்ந்திருக்கிறது.

"அப்படியானால் அம்மா, நீ அதைக் கொஞ்சம் மரியாதையாகக் கரைக்கலாமே" என்றாள். நான் கட்டியைத் தூரிகையால் குத்திக் குழி பறிப்பதைச் சொல்கிறாள். நியாயம்தான்.

97ஆம் நாள்

ஒரு சோதனையின் முடிவு. எந்த நிறம் வெளுக்கும் என்று பார்க்க, மூன்று மாதங்களுக்கு முன்பு ஒரு தாள் பட்டையில் எல்லா நிறங்களையும் மெல்லிய கோடுகளாக இழுத்து, பாதியை அட்டையால் மூடி, வெயில் அடிக்கும் அலுவலக ஜன்னலில் ஒட்டியிருந்தேன். ஓரத்தில் மகளின் ஸ்கெட்ச் பேனா இளஞ்சிவப்பும் ஒரு கோடு. இன்று அட்டையை எடுத்தேன். நீலமும் காவியும் அப்படியே. அலிசரின் கிரிம்சன் என்ற அழகான செந்நிறம் நன்றாகவே வெளிறிவிட்டது. அது வெயிலுக்குத் தாங்காது என்று படித்திருந்தேன். இருந்தும் கண்ணால் பார்த்தபோது வருத்தமாக இருந்தது. ஸ்கெட்ச் பேனா இருந்த சுவடே இல்லை.

மூடிய நோட்டுக்குள் வெயில் படாது என்பதால் கிரிம்சனைத் தொடர்ந்து பயன்படுத்துகிறேன். பிறந்தநாள் பலூனுக்கு வேறு எந்தச் சிவப்பும் சரிவரவில்லை.

120ஆம் நாள்

இருபது பக்கங்கள் முடிந்தன. பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து எண்ணினேன். வெறுமையானவை 17. வீடு 44, அலுவலகம் 38, பஸ் 15, மற்றவை 6.

அலுவலகம் 38 என்பது என்னைச் சற்று உறுத்தியது. நல்ல தாய்க்கு மகிழ்ச்சி முழுவதும் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று யாரோ என் காதில் சிறு வயதிலேயே ஓதியிருக்கிறார்கள்போல. அந்த முப்பத்தெட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ள எடுத்த 11 நிமிடங்களில் வரைந்த ஜன்னல் வெளிச்சம். காலை எட்டரைக்கு, யாரும் வராத நேரத்தில், வரிசையாக நிற்கும் மேசைகள். நான் சூடாகவே குடித்து முடித்த ஒரு கோப்பைத் தேநீர். எங்கள் அணி இரவெல்லாம் திணறிய பிழை ஒன்றைக் கண்டுபிடித்த அன்று வெள்ளைப் பலகையில் இருந்த கிறுக்கல். இவற்றில் எதை வீட்டுக்கு மாற்றிக் கொடுக்க முடியும்? உறுத்தல் போய்விட்டது. நோட்டை மூடிவிட்டுத் தூங்கினேன்.

கடல்: 131 முதல் 134 வரை

நான்கு நாள் விடுமுறை, நால்வரும் கடற்கரை. இந்தப் பயணத்துக்கென்று விதியைத் தளர்த்தி, இரண்டு பக்கம் விரித்துப் பெரிய சூரியோதயம் வரையலாம் என்று திட்டமிட்டிருந்தேன். தனியாக ஒரு பை, இரண்டு தூரிகைகள் கூடுதல், மடக்கு நாற்காலி. கணவர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததில் ஒரு சிரிப்பு இருந்தது.

விடியும் முன் தனியாகப் போய் உட்கார்ந்தேன். சூரியன் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. வானத்துக்கு ஆரஞ்சு கலப்பதற்குள் அது மஞ்சளாகியிருந்தது. மஞ்சள் கலப்பதற்குள் வெறும் பகல். காற்று மணலை அள்ளி ஈர வண்ணத்தில் தூவிவிட்டுப் போனது. தூரிகைத் தண்ணீர் தீர்ந்ததும் கடல் நீரையே நிரப்பினேன். அது பெரிய கவித்துவமான செயல் என்று அந்த நேரத்தில் தோன்றியது. லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கும் நீர் அது. அதன் உப்புகளில் சில காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். படம் மதியம்வரை பிசுபிசுவென்று இருந்தது, நோட்டை மூடியதும் எதிர்ப் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது சூரியன் பாதி அங்கே, பாதி இங்கே.

ஒரே ஒரு லாபம். அல்ட்ராமரின் துகள்கள் சற்றுப் பெரியவை. தாளின் பள்ளங்களில் போய்த் தங்கும். சொரசொரப்பான தாளில் அந்தப் புள்ளிகள் தொலைவுக் கடலின் மினுமினுப்புப்போலத் தானாகவே வந்திருந்தன. மகள் பார்த்துவிட்டு, "கடல் இந்த நிறத்தில் இல்லையே" என்றாள். இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். கரையோரம் காவி, நடுவில் சாம்பல் பச்சை, நீலம் அடிவானத்தில் ஒரு கோடு மட்டும். நான் கடலைப் பார்க்காமல் கடலை வரைந்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து மடக்கு நாற்காலி அறையிலேயே இருந்தது. பழையபடி சதுரங்களுக்குத் திரும்பினேன். அந்தப் பயணத்தில் உருப்படியாக வந்தது, மாடிக் கைப்பிடியில் காயப்போட்ட நான்கு துண்டுகள்: பெரியது இரண்டு, நடுத்தரம் ஒன்று, தரையைத் தொடாத குட்டித் துண்டு ஒன்று. வெள்ளைத் துண்டுக்கு வெள்ளை வண்ணம் வேண்டியதில்லை. தாளை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றிலும் நிழலைத் தீட்டினால் போதும். அடுத்தது, திரும்பும் வழியில் என் மடியில் கிடந்த சின்னவனின் கால். தூங்கும் நான்கு வயதுக்காரனைப்போல அசையாத மாடல் உலகத்தில் கிடையாது. விரலிடுக்கில் மணல் இருந்தது. அதற்குக் காவியில் மூன்று புள்ளிகள்.

163ஆம் நாள், இன்று

அல்ட்ராமரின் கட்டியின் நடுவில் பெட்டியின் வெள்ளைத் தரை தெரிகிறது. அடுத்த முறை கட்டியாக வாங்கப்போவதில்லை. குழாயில் வாங்கிக் காலிக் குழியில் பிதுக்கிக் காயவிட்டால் அதே வேலைதான். அந்தத் தகரக் குழாய்க்கும் ஒரு கதை உண்டு: 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற ஓவியர் காப்புரிமை பெறும்வரை, எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்துக்கொண்டுதான் ஓவியர்கள் வெளியே போனார்களாம். என் கைப்பையில் அப்படியொன்று வெடிப்பதைக் கற்பனை செய்து பார்த்தேன். மகள் மூன்று நாட்களாக இதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இன்னும் பிடிபடாதது பச்சை. பெட்டியோடு வந்த பச்சை பிளாஸ்டிக் வாளியைப்போல இருக்கிறது. எந்த இலையும் அந்த நிறத்தில் இல்லை. இரண்டு மாதத்தில் மலைப்பக்கம் போவதாக இருக்கிறோம், அதற்குள் கற்றுக்கொண்டாக வேண்டும். நீலத்தில் மஞ்சளைச் சேர்த்து, பிறகு துளி பழுப்பைச் சேர்த்துக் கண்ணைக் குத்தாமல் அடக்க வேண்டும் என்பதுவரை தெரியும். எவ்வளவு என்பதில்தான் குழப்பம். நேற்றிரவு சின்னவன் பக்கத்தில் உட்கார்ந்து எண்ண, ஒரு பட்டையில் பதினான்கு பச்சைகள் கலந்தேன். காலையில் வாசல் செடியின் இலைமேல் வைத்துப் பார்த்தபோது, ஒன்பதாவது அச்சாகப் பொருந்தியது.

எதோடு எதை எவ்வளவு கலந்தேன் என்று குறித்துவைக்க மறந்துவிட்டேன்.