கெண்டிச் செடியின் தண்டுத் துண்டுக்கு உரம் எதற்கு?

கொழும்பு வெள்ளவத்தையின் அடுக்குமாடிப் பல்கனிகளில் செடி வளர்ப்பவர்களிடையே, பூச்சியுண்ணும் கொடியான கெண்டிச் செடியின் (நெப்பந்திஸ்) தண்டுத் துண்டுகள் அடிக்கடி கைமாறுகின்றன. கொடி நீண்டு கம்பிக் கிராதியைத் தாண்டியதும் வெட்டி ஒருவருக்குக் கொடுத்தால், சில நாட்களிலேயே என்ன உரம் போடலாம் என்ற கேள்வி திரும்பி வந்துவிடும். ஒன்றும் வேண்டாம் என்பதே என் பதில். அதற்கான காரணம் இச்செடி உண்ணும் விதத்தில் இருக்கிறது.

கெண்டிச் செடிகள் அடங்கிய நெப்பந்திஸ் பேரினத்தில் இலங்கையில் இயற்கையாக வளர்வது ஓர் இனம் மட்டுமே. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் விவரித்த நெப்பந்திஸ் டிஸ்டிலாட்டோரியா என்னும் அதனைச் சிங்களவர் பாந்துரா என்பர். சிங்கராஜ வனம் உள்ளிட்ட தென்மேற்கு ஈரவலயத்தில், நைதரசனும் பொசுபரசும் குறைந்த மண்ணில் அது படர்கிறது. (காட்டிலிருந்து ஒரு துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது, நாற்றுமேடைகளில் கிடைக்கும் வென்ட்ராட்டா போன்ற கலப்பினங்களே பல்கனிக்குப் போதும்.) இதன் வேர்கள் கறுத்து மெலிந்தவை; செடியை நிறுத்துவதும் நீரை உறிஞ்சுவதுமே அவற்றின் முதன்மையான வேலை. இலையின் நடுநரம்பு நுனியைத் தாண்டிப் பற்றுக்கம்பியாக நீண்டு, அதன் முனையில் உருவாகும் கெண்டிதான் உணவு தேடுகிறது.

பழைய கெண்டியொன்றை நெடுக்காகப் பிளந்து கைவில்லையால் பார்த்தால், மேற்பகுதி மெழுகு பூசியதுபோல் மங்கலாகவும், கீழ்ப்பகுதி பளபளப்பாக, நுண்ணிய புள்ளிகள் நிறைந்ததாகவும் தெரியும். அப்புள்ளிகளே சுரப்பிகள். அமிலத்தையும், புரதத்தை அறுக்கும் நெப்பந்தெசின், பூச்சியின் ஓட்டைச் சிதைக்கும் கைற்றினேஸ் முதலிய நொதியங்களையும் வெளிவிடுவதோடு, சிதைந்து வந்ததை உள்ளே எடுத்துக்கொள்வதும் இதே சுரப்பிகள்தாம். அமோனியமும் அமினோ அமிலங்களும் கலமென்சவ்விலுள்ள கடத்திப் புரதங்களின் வழியே செல்கின்றன; சில இனங்களில் முழுப் புரத மூலக்கூறுகளையே மென்சவ்வு உள்மடிந்து விழுங்குவதை, ஒளிரும் சாயமேற்றிய புரதத்தைக் கொண்டு 2012இல் ஆய்வாளர்கள் காட்டினர். இவையெல்லாம் பிற்காலத்து விளக்கங்கள். கெண்டிக்குள் முட்டையின் வெண்கருவையும் இறைச்சித் துண்டையும் இட்டு, அவை கரைவதை ஆங்கிலத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1874இலேயே அறிவித்துவிட்டார்.

இனி வெட்டிய துண்டுக்கு வருவோம். மிக இளசாகவும் இல்லாமல் முற்றிப் பழுப்பேறவும் செய்யாத தண்டில், இரண்டு அல்லது மூன்று கணுக்கள் வரும்படி, அடிக்கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்ட வேண்டும். ஆவியுயிர்ப்பைக் குறைப்பதற்காக ஒவ்வோர் இலையிலும் பாதியை நறுக்கிவிடுகிறோம். அத்துடன் கெண்டியும் போய்விடுகிறது. ஆக, அந்தத் துண்டிற்கு நீர் எடுக்க வேருமில்லை, இரை செரிக்கக் கெண்டியுமில்லை. மிஞ்சிய அரை இலையின் ஒளித்தொகுப்பும் தண்டில் சேமித்துவைத்த மாப்பொருளுமே அதன் கையிருப்பு. இந்த நிலையில் உரத்தைக் கரைத்து ஊற்றினால், ஊடகத்தில் உப்பின் செறிவு கூடி, வெட்டுவாயால் நீரை எடுப்பது இன்னும் கடினமாவதோடு, பூஞ்சைக்கும் பாசிக்கும் விருந்து வைத்ததாகவும் முடியும். வேரூக்கிப் பொடி வேறு விடயம்: அது உணவன்று, தண்டிலிருந்தே வேர்கள் தோன்றுவதைத் தூண்டும் ஒட்சின் என்னும் தாவர ஓமோன், விரும்பினால் தடவலாம்.

நடுவதற்கு, ஈரத்தைத் தேக்கும் ஸ்பாக்னம் என்னும் சதுப்புநிலப் பாசி சிறந்ததுதான், ஆனால் விலை அதிகம். பலமுறை கழுவி உப்பை நீக்கிய தும்புச்சோற்றுடன் பேர்லைட் என்னும் இலேசான வெண்மணிகளோ கரித்துண்டுகளோ கலந்தால் அதுவும் உதவும். நீருக்கு மழைநீரே நல்லது. கொழும்பில் அதற்குப் பஞ்சமில்லை. கொழும்பின் வெப்பமும் ஈரப்பதனும் தாழ்நில இனங்களுக்கு ஏற்றவை என்றாலும், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட வீடுகளில் உப்புக்காற்று இலையை உலர்த்திவிடுவதால், தெளிவான பொலித்தீன் பையால் மூடி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வைக்க வேண்டும்.

பலர் ஏமாறுவது அரும்பைக் கண்டுதான். கணுவில் சிவந்த முனை வெடித்து ஓரிரு சிறு இலைகள் விரிந்தவுடன் வேர்பிடித்துவிட்டதென்று பையை அகற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் அரும்பு முந்துகிறது, வேர் பிந்துகிறது. அந்த இலைகள் தண்டின் சேமிப்பைக் கொண்டே விரிந்தவை. துண்டை இழுத்துப் பார்ப்பதைவிடத் தெளிவான பிளாஸ்டிக் கோப்பையில் நடுவது எவ்வளவோ மேல். கருமையான இழைகள் சுவரோரம் வரும்போது தாமாகவே தெரியும். அதற்கு ஒன்றிரண்டு மாதங்களோ அதற்கு மேலுமோ ஆகலாம்.

உணவூட்டுவதற்கான வேளை, புதுத் தளிரின் முதற் கெண்டியின் மூடி தானாகத் திறந்த பிறகே வருகிறது. மூடியிருக்கும்போதே உள்ளே திரவம் இருக்கும். விரலால் திறந்துவிட வேண்டியதில்லை. சிறிய கெண்டிக்கு ஓர் எறும்பே தாராளம். அதற்கு மிஞ்சினால் இரை செரிக்காமல் அழுகி, கெண்டியே கறுத்துவிடும். பூச்சி வராத உயர்ந்த மாடிகளில், கெண்டி பெரிதான பிறகு, மெதுவாகக் கரையும் உரமணி ஒன்றை அதனுள் இடும் வழக்கமும் உண்டு. மண்ணில் ஒரு பிடி உரத்தைத் தூவுவதைவிட அது எனக்கு நியாயமாகப் படுகிறது. தொட்டியின் கீழ்த்தட்டில் மட்டும் நீர் தேங்கவிடக் கூடாது. டெங்குப் பரிசோதனைக்கு வரும் சுகாதாரப் பரிசோதகர் முதலில் அதைத்தான் தூக்கிப் பார்ப்பார்.