ரெக்கார்டு நோட்டு யார் கையில்?

மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும் நாட்களில்தான் எங்கள் கல்லூரிக்கும் கலந்தாய்வுப் பட்டியல் வரும். தஞ்சை மாவட்டத்துத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றின் இயந்திரவியல் துறையில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணியாற்றும் நான், அந்தப் பட்டியலில் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் ஊரைப் பார்ப்பேன். வேதாரண்யம், முத்துப்பேட்டை, ஒரத்தநாடு, குடவாசல் என்று வரிசையாக வரும் அந்த ஊர்களில், என் படிப்புக் காலத்தில் ஒரு பெண்ணைப் பொறியியலுக்கு அனுப்பிய வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 69 விழுக்காடு இடஒதுக்கீடு முன்பே இருந்தது. 2007-ல் நுழைவுத் தேர்வு நீங்கியதும், முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்ததும், 2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கப்பட்டதும்தான் அந்தக் கதவை அகலத் திறந்தன. இதை என் வகுப்பின் வருகைப் பதிவேட்டிலேயே ஆண்டுதோறும் கண்டேன்.

ஆனால் கதவுக்குள் வந்தவர்கள் பட்டறையில் எங்கே நிற்கிறார்கள் என்பதைக் கவனிக்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அதைச் சொல்வதற்கே இதை எழுதுகிறேன்.

நான் படித்தபோது அறுபது பேர் கொண்ட வகுப்பில் நாங்கள் நான்கு பெண்கள். முதல் ஃபிட்டிங் வகுப்பில் வைஸ் என்ற பிடிகருவியில் இரும்புத் தகட்டைக் கடித்து வைத்து, அரத்தால் விளிம்பைச் சமப்படுத்திக்கொண்டிருந்தேன். பாதி கூட ஆகவில்லை. பயிற்றுநர் வந்து, "பாப்பா, கையைக் கிழிச்சுக்காதே, குடு, நான் முடிச்சுத் தரேன்" என்று அரத்தை வாங்கிக்கொண்டார். அவர் நல்ல மனிதர். அன்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. மதிப்பெண்ணும் முழுதாக வந்தது. அரம் பிடிக்க மட்டும் வரவில்லை. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-ல் சேர்ந்த, நாட்டின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான அ. லலிதாவின் சான்றிதழில், அச்சாகியிருந்த ஆண்பால் சொல்லை அடித்துவிட்டுப் பெண்பால் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள் என்று பிற்பாடு படித்தபோது, எனக்கு அந்த அரம்தான் நினைவுக்கு வந்தது. தாளில் திருத்துவதற்கு ஒரு பேனா போதும்.

இவ்வளவும் பட்ட நானே, ஆசிரியையான பிறகு அதே தவற்றைச் செய்தேன். இரும்பைக் கடையும் இயந்திரமான லேத் வகுப்புக்கு ஐந்து ஐந்து பேராக நீங்களே பேட்ச் பிரித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுவேன்; அதைச் சுதந்திரம் என்றே நம்பினேன். ஒருமுறை வைவா என்னும் வாய்மொழித் தேர்வில், அச்சடித்ததுபோல் அழகாகச் செய்முறை ரெக்கார்டு எழுதியிருந்த ஒரு மாணவியிடம், லேத்தில் வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்கில் அதை இறுக்கிய பிறகு முதலில் என்ன செய்வாய் என்று கேட்டேன். புத்தகத்தில் உள்ளதைச் சொன்னாள். இறுக்கிய சக் சாவியைக் கழற்றி எடுக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒருநாள் நின்று ஓட்டியவர்கள் மறக்காத விஷயம் அது. "மேடம், நான் மெஷின்கிட்ட போனதே இல்லை. எங்க பேட்ச்ல எழுதறது நான்தான்" என்றாள்.

அன்று மாலை எல்லா பேட்ச்களின் பெயர்களையும் எடுத்துவைத்துப் பார்த்தேன். பெண் இருந்த பேட்ச்களில் எல்லாம் ரெக்கார்டு பெண்ணின் கையெழுத்தில் இருந்தது. பெயர்களுக்கு எதிரே ஊரையும் தெருவையும் குறித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. யாரும் சேர்த்துக்கொள்ளாமல் மீந்தவர்களைக் கொண்டு நான் ஒப்பேற்றிய கடைசி பேட்ச்சில், காலனித் தெருக்களிலிருந்து வந்த பையன்கள் மூவர் இருந்தார்கள். சக்கின் தாடைகள் தேய்ந்துபோன பழைய லேத் எப்போதும் அவர்களுக்குத்தான் போயிருக்கிறது. சாதியைப் பற்றி வகுப்பில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசத் தேவை இல்லாதபடி என் ஏற்பாடே அதைச் செய்துகொண்டிருந்தது.

அடுத்த பருவத்திலிருந்து சீட்டுக் குலுக்கிப் பேட்ச் பிரிக்கிறேன். ஓட்டுவது, அளப்பது, எழுதுவது மூன்றும் வாராவாரம் கைமாறும். முணுமுணுப்பு வராமல் இல்லை. பெண்ணுக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்று ஒரு தந்தை தொலைபேசியில் கேட்டார். பையனுக்கு அடிபட்டாலும் நான்தான் பொறுப்பு என்றேன். ஓவர்கோட்டைப் பெண்களின் அளவில் தைக்கச் செய்வதற்கு ஓராண்டு அலைந்தேன், துப்பட்டாவோடு யாரையும் லேத் அருகில் நிற்கவிட முடியாது என்பதால். பட்டறைக் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கேட்ட கடிதம் மூன்றாம் முறையாகப் போயிருக்கிறது. மூன்று மணி நேர வகுப்பின் நடுவே அவர்கள் இன்றும் முதன்மைக் கட்டடம் வரை நடக்கிறார்கள்.

வேலைவாய்ப்பு வேறொரு சுவர். பெண்களை ஆலையில் இரவுப் பணிக்கு அமர்த்தத் தொழிற்சாலைச் சட்டம் விதித்திருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-லேயே செல்லாது என்றது. ஆனாலும் ஆலைத் தளப் பணிக்குப் பையன்கள் மட்டும் போதும் என்று என்னிடம் நேரிலேயே சொன்னவர்கள் உண்டு.

சென்ற பருவத்தில் ஒரு வகுப்பு. கதிர் அறுக்கும் இயந்திரம் ஓட்டுபவரின் மகன் ஒருவன். பேரிங் தேய்ந்திருப்பதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவான், ஆங்கிலத்தில் எழுதுவதற்குத்தான் கை நடுங்கும். அன்று எழுதும் முறை அவனுடையது. ஓட்டும் முறை மன்னார்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு. அவள் 25 மில்லிமீட்டருக்குக் கடைந்து முடித்து, லேத்தை நிறுத்தி, வெர்னியர் அளவுகருவியை வைத்துப் பார்த்து, "25.1. இன்னொரு தடவை ஓட்டணும், எழுதிடாதே" என்றாள். அவன் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருந்தான்.