கொடைக்கானல் ஞாயிற்றுச் சந்தையும் ஒரு சட்டி பூண்டுக் குழம்பும்

ஏரிக்கரைப் பக்கம் ஒரு உணவகத்தில் சனிக்கிழமை மதியம் அளவுச் சாப்பாடு 220 ரூபாய். சாதம் ஆறிப்போயிருந்தது. சாம்பாரைத் துழாவிப் பார்த்தால் ஒரு துண்டு கேரட் இல்லை. கேரட் விளைகிற மலையில் உட்கார்ந்துகொண்டு! எனக்கு வயிறு எரிந்துவிட்டது. மறுநாள் ஞாயிறு, கொடைக்கானலில் சந்தை நாள். நாங்கள் எடுத்திருந்த அறையில் ஒரு அடுப்பும் நாலு பாத்திரமும் இருந்தன. "நாளைக்கு நாமே சமைக்கிறோம்" என்று என் வீட்டுக்காரரிடம் அங்கேயே சொல்லிவிட்டேன்.

முதலில் போகும் வழியைச் சொல்லிவிடுகிறேன். மதுரை ஆரப்பாளையத்திலிருந்து கொடைக்கானலுக்கு நேர்ப் பேருந்து இருக்கிறது. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும். சொந்த வண்டியில் போனால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசுப் பேருந்தில் போனால் அந்தத் தொல்லை கிடையாது. வளைவுகளில் தலை சுற்றுபவர்கள் முன்பக்க ஜன்னல் சீட்டாகப் பார்த்துப் பிடியுங்கள். அப்புறம் தங்கும் இடம், வாடகை எல்லாம் எழுதலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அந்த டாக்ஸிக்காரர் ஞாபகம் வந்துவிட்டது.

பேருந்து நிலையத்திலிருந்து அறைக்கு இரண்டரை கிலோமீட்டர் இருந்தால் அதிகம். 400 கேட்டார். ஏன் என்றால் ஏத்தமாம். இறக்கத்தில் வரும்போது குறைத்துக் கொள்வீர்களா என்றதற்கு, "சீசன்ல இதுதாங்க்கா ரேட்டு" என்றார். ஜூலை மாதம், மழை தூறிக்கொண்டிருக்கிறது, ரோட்டில் ஆளே இல்லை. இதில் என்ன சீசன்? 300க்கு முடித்தோம். மறுநாள் காலை, அறையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கேட்டுவிட்டு, "150 குடுத்தாலே வருவாங்களேம்மா" என்றார். அதற்குப் பிறகு ஊருக்குள் எங்கே போனாலும் நடைதான். குளிருக்கு அதுவும் நல்லதுதான்.

சந்தைக்கு வெள்ளனப் போகச் சொன்னதும் அந்த அக்காதான். மேல்மலைக் கிராமத்துக்காரர்கள் மூட்டைகளோடு வந்து இறங்கும் நேரம் அது. நான் மதுரை அண்ணா நகர்க்காரி. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று திறக்கப்பட்டது எங்கள் பேட்டையில்தான். அங்கே அன்றன்றைக்கு விலை எழுதின பலகை தொங்கும், பேரம் பேசும் வேலை இல்லை. இங்கே பலகையெல்லாம் கிடையாது. அதனால் கூடையைத் திறக்காமல் முதலில் ஒரு சுற்று சுற்றி, நாலு கடையில் விலை கேட்டுவிட்டு வந்தேன்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கொடைக்கானல் சந்தையில் போய்த் தக்காளியும் முருங்கைக்காயும் வாங்குபவர்கள் லாரி வாடகையைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதெல்லாம் ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு பக்கமிருந்து ஏறி வருவது. மலையில் விளைவதை மட்டும் வாங்குங்கள். மண் ஒட்டின கேரட், உருளை, பட்டர் பீன்ஸ், பச்சைப் பட்டாணி, சவ்சவ், மரத்தக்காளி. தாண்டிக்குடிப் பக்கத்து மலை வாழைப்பழம் கிடைத்தால் விடாதீர்கள். கேரட்டை ஒருவர் இலையோடு கட்டாக வைத்திருந்தார். இலை வாடாமல் இருந்ததால் அவரிடமே வாங்கினேன், கிலோ 40.

அப்புறம்தான் பூண்டு. பூம்பாறை என்ற மேல்மலைக் கிராமத்திலிருந்து வந்த ஒரு ஆத்தா, தாளோடு பின்னிக் கட்டின மலைப்பூண்டைச் சாக்கில் பரப்பி வைத்திருந்தார். 2019இல் புவிசார் குறியீடு வாங்கின பூண்டு இது. பார்த்தால் ஒன்றும் பிரமாதமாக இருக்காது. கொஞ்சம் பழுப்பேறி, அழுக்காகக்கூடத் தெரியும். பக்கத்துக் கடையில் பளபளவென்று வெள்ளையாக, பெரிய பல்லாக ஒன்றை மலைப்பூண்டு என்றே விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆத்தா ஒரு பல்லை நகத்தால் கிள்ளி என் மூக்கருகே நீட்டினார். கண்ணே கரித்துவிட்டது. "அடுப்புக்கு மேல கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டுவோம் தாயி, மாசக்கணக்குல கெடாது" என்றார். கிலோ 450 சொன்னார். அரைக் கிலோ 200க்குக் கொடுத்தார், கூடவே கைப்பிடி மல்லித்தழையும் போட்டார். பேரம் பேசினதற்கு எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் டாக்ஸிக்குக் கொடுத்த 300 உறுத்திக்கொண்டே இருந்ததே!

சமையலுக்கு வருவோம். குக்கர் இல்லாமல் இந்த ஊரில் பருப்பில் கை வைக்காதீர்கள். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் அப்படியே கிடக்கும். அக்கா தன் வீட்டுக் குக்கரைக் கொண்டுவந்து கொடுத்து, "வழக்கத்தைவிட ரெண்டு விசில் கூட வைம்மா" என்றார்.

மலைப்பூண்டை உரிப்பது பெரும்பாடு. பல் சின்னது, தோல் விடாமல் ஒட்டும். கட்டை விரலில் ஏறின வாசம் மறுநாளும் போகவில்லை. நல்லெண்ணெயில் வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, பூண்டை நறுக்காமல் முழுசாகப் போட்டு, சின்னத் தீயில் ஓரம் சிவக்கும்வரை வதக்கினேன். வீட்டிலிருந்து பொட்டலமாகக் கொண்டுபோன குழம்புத்தூள், புளிக்கரைசல், அச்சு வெல்லத்தில் ஒரு கிள்ளு. எண்ணெய் பிரிந்து மேலே வரும்போது அந்தச் சின்ன அறை முழுக்க மணம். சாதாரணப் பூண்டு குழம்பில் கரைந்து காணாமல் போகும். இது வெந்து மெழுகாகியும் காரத்தை விடவில்லை. கூட பட்டர் பீன்ஸை வேகவைத்து மிளகும் சின்ன வெங்காயமும் போட்டுப் பிரட்டினது. மரத்தக்காளியைத் தீயில் சுட்டுத் தோலுரித்து, பச்சை மிளகாயோடு நசுக்கினால் சட்னி. தக்காளியைவிடப் புளிப்புத் தூக்கலாக இருக்கும், கொஞ்சமாக வையுங்கள். என் வீட்டுக்காரர் மூன்றாவது தடவை சாதம் போட்டுக்கொண்டார். குக்கரைத் திருப்பிக் கொடுக்கும்போது அக்காவுக்கும் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தேன். "புளி கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். இருக்கட்டும், கிண்ணம் காலியாகத்தான் திரும்பி வந்தது.

செலவு: பூண்டு 200, காய்கறி எல்லாம் சேர்த்து 170, அரிசி, பருப்பு, நல்லெண்ணெய் 160. இரண்டு பேர், இரண்டு வேளை. பூண்டில் பாதிக்கு மேல் மிச்சம், ஊருக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

பட்டர் ஃப்ரூட் வாங்குவதாக இருந்தால் அமுக்கினால் கல்லாக இருப்பதாகப் பார்த்து எடுங்கள். பழுத்தது பேருந்தில் வரும்போதே கூழாகிவிடும். வீட்டுக்கு வந்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தால் நாலைந்து நாளில் பழுத்துவிடும். சந்தையில் கிலோ 120 சொன்னார்கள், மதுரைக் கடைகளில் இதே பழத்துக்கு இரண்டு மடங்கு கொடுத்திருக்கிறேன். மஞ்சப்பை இரண்டு கொண்டு போங்கள், ஒன்று போதாது.