அச்சுப் பக்கம் படமாக இருக்கிறது, எழுத்தாக வேண்டும்

பழைய புத்தகப் பக்கம், செய்தித்தாள் துண்டு, வாட்ஸ்அப்பில் வந்த சுற்றறிக்கை என்று எல்லாம் படமாகவே கைக்கு வருகின்றன. அதைத் திருத்தவும் தேடவும் கூடிய எழுத்தாக மாற்ற எந்த மென்பொருளையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். கூகுள் டிரைவே தமிழை நன்றாகப் படிக்கிறது. நம் வேலை அதற்கு முன்னும் பின்னும்தான்.

பிடிஎஃப் என்றால் முதலில் ஒரு வரியை மவுஸால் தேர்ந்தெடுத்து வேறெங்காவது ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டினால் அது படமே அல்ல. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு. அதை யூனிகோடு மாற்றியில் போட்டாலே போதும், படத்திலிருந்து படிக்க வைப்பதைவிடப் பிழை குறைவாக வரும். ஒரு வரியைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால்தான் அது படம்.

படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னலோர வெளிச்சம் போதும். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரியும்; தாளுக்கு அடியில் ஒரு கறுப்பு அட்டையைச் செருகினால் அது மங்கிவிடும். தமிழுக்கு இது முக்கியம். பின்பக்கக் கறை ஒன்று எழுத்தின் தலையில் விழுந்தால் ‘க’ ‘க்’ ஆகிவிடும். பக்கத்தைத் தட்டையாக்கி, நேராக நிமிர்த்தி, ஓரங்களை வெட்டி விடுங்கள். இரண்டு பத்தியாக அச்சான பத்திரிகைப் பக்கம் என்றால் ஒவ்வொரு பத்தியையும் தனிப் படமாக வெட்டுங்கள். இல்லாவிட்டால் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் கலந்து வர வாய்ப்புண்டு. படத்தின் அளவு 2 எம்பிக்குள் இருக்கட்டும்.

மற்றதெல்லாம் ஒரு நிமிட வேலை. கணினியில் பிரவுசர் வழியாக டிரைவைத் திறந்து படத்தை ஏற்றுங்கள். அதன்மேல் ரைட் கிளிக் செய்து, ‘ஓப்பன் வித்’ போய், ‘கூகுள் டாக்ஸ்’ கொடுங்கள். புதிய கோப்பு ஒன்று திறக்கும். மேலே படம், அதற்குக் கீழே எழுத்து. மொழி எது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அட்டவணையும் அடிக்குறிப்பும் மட்டும் சிதறித்தான் வரும், அவற்றைக் கையால் அடித்துக்கொள்வதே மேல். ஒரே ஒரு பத்தி வேண்டும் என்றால் இவ்வளவு கூடத் தேவையில்லை. போனில் கூகுள் லென்ஸைக் காட்டி நகலெடுத்தால் முடிந்தது.

இனிதான் தலைவலி. தமிழ் அச்சில் வரி முடியும் இடத்தில் சொல்லை முறிப்பார்கள், இணைப்புக் கோடு போட மாட்டார்கள். ‘எழுதி’ என்று ஒரு வரி முடிய, ‘னான்’ என்று அடுத்த வரி தொடங்கும். வரிகளை ஒட்டினால் ‘எழுதி னான்’ என்று நடுவில் இடைவெளி நிற்கும். ஒரு பக்கத்துக்கே இப்படிப் பல.

இதற்குப் பள்ளியில் படித்த மொழிமுதல் எழுத்து விதி கைகொடுக்கும். ண, ழ, ள, ற, ன ஐந்திலும் தமிழ்ச் சொல் எதுவும் தொடங்காது. ஆகவே எழுத்தை நோட்பேடில் ஒட்டி, கன்ட்ரோல் எச் அழுத்தி, தேடும் கட்டத்தில் ஒரு இடைவெளியும் ‘ன’வும், மாற்றும் கட்டத்தில் வெறும் ‘ன’வும் கொடுத்து, மொத்தமாக மாற்றிவிடலாம். மற்ற நான்குக்கும் அப்படியே. இலங்கை நூல் என்றால் ‘ற’வை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள், அங்கே ‘றோட்’, ‘றேடியோ’ என்று எழுதும் வழக்கம் உண்டு. இலக்கண நூலில் எழுத்துகள் தனித்தனியாக நிற்கும், அங்கே இந்த வித்தையே வேண்டாம். ‘படித் தான்’ போன்றவை இந்த வலையில் சிக்காது. ‘பார்த்துத் தான்’ என்று வேண்டுமென்றே பிரித்து எழுதியிருக்கவும் கூடும் என்பதால் கண்ணால் பார்த்துத்தான் தீர வேண்டும்.

அடுத்தது, பார்வைக்குச் சரியாகத் தெரிந்து தேடலில் அகப்படாத பிழைகள். ரகரமும் துணைக்காலும் அச்சில் ஏறக்குறைய ஒன்றுதான். ‘அவர்’ என்பது கால் மேல் புள்ளி வைத்த ‘அவா்’ ஆகிவிடும். காலுக்குப் புள்ளி தமிழில் கிடையாது, எனவே ‘ா்’ என்று தேடி ‘ர்’ என்று மொத்தமாக மாற்றலாம். பழைய அச்சில் ‘க’வுக்குப் பதில் தமிழ் எண் ‘௧’, ‘எ’வுக்குப் பதில் ‘௭’ நுழைந்துவிடுவதும் உண்டு. நூலில் தமிழ் எண் இல்லையென்றால் இவற்றையும் தயங்காமல் மாற்றலாம்.

ஔகாரத்தில் மட்டும் அவசரம் கூடாது. ‘மௌனம்’ மகர எகரமும் ளகரமுமாக ‘மெளனம்’ என்று வரும். ‘ெள’ எல்லாவற்றையும் மாற்றப் போனால் வெள்ளமும் தெளிவும் வெளியும் கெட்டுவிடும். மெளனம், கெளரவம், பெளர்ணமி, ஒளவை என்று சொல்சொல்லாகத் தேடுங்கள்.

1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போடுவதற்கு முன் அச்சான நூல் என்றால், சுழித்து எழுதிய ணா, றா, னாவும், தும்பிக்கை வைத்த ணை, லை, ளை, னையும் வரும். ணொ, றொ, னொ, ணோ, றோ, னோவும் சேர்த்து மொத்தம் 13 எழுத்துகள். இவை வரும் சொற்களை மூலத்தோடு ஒப்பிட்டுத்தான் விட வேண்டும். நூறு பக்கத்தையும் ஏற்றுவதற்கு முன் நடுவிலிருந்து ஒரு பக்கத்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள். வரிக்கு இரண்டு பிழைக்கு மேல் வந்தால் மென்பொருளை மாற்ற வேண்டாம், படத்தை மறுபடி எடுங்கள்.