விசில் கையில் இருக்கட்டும்

கால்பந்து ரெஃப்ரியாகப் புதிதாக இறங்குபவர்கள் பலரும் விசிலை வாயில் கடித்துக்கொண்டே ஓடுவார்கள். யாராவது இடறி விழுந்தால் போதும், மூச்சு தானாகப் போய்ச் சத்தம் கிளம்பிவிடும். ஊதிவிட்டால் ஊதியதுதான், ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். அதனால் நாடாவை விரலில் சுற்றி விசிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கை வாய்க்குப் போகும் அந்த அரை நொடிதான் யோசிக்கக் கிடைக்கும் நேரம்.

அதற்குள் பார்க்க வேண்டியது: அடி வாங்கிய அணியிடம் பந்து இருக்கிறதா, கோல் எவ்வளவு தூரம், எதிரே எத்தனை பேர். தன் கோலுக்குப் பக்கத்தில் பந்து காலில் இருப்பது மட்டுமே அட்வான்டேஜ் (ஊதாமல் விடுவதால் அடி வாங்கிய அணிக்குக் கிடைக்கும் பலன்) ஆகாது. அங்கே பேசாமல் ஃப்ரீ கிக் கொடுப்பதே நல்லது. அடி வாங்கிய அணி எதிரணியின் பெனால்டி பாக்ஸை நோக்கி ஓடும்போது ஊதாமல் விடுங்கள். நினைத்த பலன் ஓரிரு நொடியில் வராவிட்டால், திரும்ப வந்து ஊத விதியே இடம் கொடுக்கிறது. கார்டு கொடுக்க வேண்டிய ஃபவுல் என்றால், ஆட்டம் அடுத்து நிற்கும்போது கொடுக்கலாம்.

தலையில் பலத்த அடி, கைகலப்பு என்றால் காத்திருக்கவே கூடாது. ரெட் கார்டுக்கான முரட்டு டாக்கிளுக்கும் அப்படித்தான். கோல் அடிக்கும் தெளிவான வாய்ப்பு இருந்தால் மட்டும் விடலாம். தாமதித்தால் அடிபட்டவன் பதிலுக்கு அடிக்கப் போய்விடுவான்.

த்ரோ, கார்னர், கோல் கிக் எல்லாம் தெளிவாக இருந்தால் கை காட்டினாலே போதும். எல்லாவற்றுக்கும் ஊதினால் ஃபவுலுக்கு ஊதும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஃப்ரீ கிக்கில் பந்தை மறித்து வரிசையாக நிற்கும் எதிரணியினரை, அதாவது சுவரை, 9.15 மீட்டர் தள்ளி நிறுத்திவிட்டால், விசில் இல்லாமல் உதைக்க விடாதீர்கள். புதியவர்கள் அடிக்கடி மறப்பது இதைத்தான்.

சாதாரண ஃபவுலுக்கு நறுக்கென்று ஒன்று, பெனால்டிக்கு நீளமாக, பலமாக. 'கீச்' என்று தயங்கி ஊதினால் அங்கேயே வாக்குவாதம் ஆரம்பித்துவிடும்.

சென்னையில் வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ ஒரே மைதானத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆட்டம் நடந்தால் இன்னொரு சிக்கல். அந்தப் பக்க விசிலைக் கேட்டு இந்தப் பக்கம் ஒருவன் பந்தைக் கையில் பிடித்துவிடுவான். அது ஹேண்ட்பால் இல்லை. ஆட்டத்தை நிறுத்தி டிராப் பால் போடுங்கள், அதாவது பந்தை நீங்களே கீழே போட்டு ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குங்கள். தொடங்கும் முன்பே இரண்டு ரெஃப்ரிகளும் பேசி வேறு வேறு சத்தமுள்ள விசில் எடுத்துக்கொண்டால் தொல்லை குறையும். உள்ளே குண்டு உருளும் விசில் எச்சில் பட்டு அடைத்துக்கொள்ளும். குண்டு இல்லாத விசில் ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.