நிழல்விழுங்கியை மிஞ்சும் நிழல் கிடைத்துவிட்டது

மூன்று வாரம் என்னை அலைக்கழித்த காட்சி நேற்று இரவு திரையில் அசையாமல் நின்றது. மாயக்காட்டு விலங்குகளின் நிழலைத் தின்று கொழுக்கும் அரக்கன் நிழல்விழுங்கி. கடைசியில் ஐந்து விலங்குகளும் நெருங்கி நிற்க, ஐந்து நிழலும் ஒன்றாகி அவன் தலைக்கு மேலே எழும்ப வேண்டும். இந்தத் தோல்பாவைக் கதையையே அந்த ஒரு கணத்துக்காகத்தான் எழுதினேன்.

யானை, காட்டுமாடு, மிளா மான், கருமந்தி, மலையணில்: ஐந்தும் நம் குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை, கோதையாறு மலையில் இருப்பவை. திரையோடு ஒட்டிப் பிடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சாயமெல்லாம் கலங்கிச் சேறாகிறது. விளக்கை நோக்கிப் பின்னால் இழுத்தால் நிறம் மங்கி நிழல் வளர்கிறது. விளக்கு திரைக்கு 5 அடி பின்னால் இருக்கிறது. பாவை இரண்டரை அடி வந்தால் நிழல் இரு மடங்கு. ஆனால் குழல்விளக்கில் விளிம்பு கரைந்துபோனது. மிளாவின் கொம்பு வெறும் புகையாகத் தெரிந்தது. டார்ச் ஒன்றின் முன்கண்ணாடியையும் உள்ளே இருந்த பளபளப்புக் கிண்ணத்தையும் கழற்றிவிட்டு, கடுகளவு ஒளிப்புள்ளியை மட்டும் எரியவிட்டேன். கொம்பின் கிளைகள் தனித்தனியே தெரிந்தன.

இரண்டு கையால் ஐந்து பாவையை இழுக்க முடியாது. குலை வெட்டிய வாழையின் அடிமரத்தில் ஒரு முழத் துண்டு நறுக்கி, குச்சிகளை அதில் குத்தி, பலகையில் வைத்து இழுத்தேன். நன்றாகத்தான் வந்தது. பக்கத்தில் இருந்த அக்கா மகள்தான் சொன்னாள்: “மாமா, யானை மண்ணுக்குள் போகிறது.”

உண்மை. நிழல் மேலே வளர்ந்த அளவு கீழேயும் வளர்ந்து, கால்கள் திரைக்கு அடியில் மறைந்தன. பாவையை உயர்த்தினேன், திரையை இறக்கினேன், எதுவும் சரிப்படவில்லை. பத்து நாள் கழித்துத்தான் விளக்கின் உயரத்தைக் கவனித்தேன். பாவையின் வயிற்று மட்டத்தில் தொங்கிய விளக்கை இறக்கி, பாதத்துக்கு நேராக வைத்தேன். இப்போது எவ்வளவு இழுத்தாலும் பாதங்கள் நிலத்தைவிட்டு நகர்வதில்லை, நிழல் மேல்நோக்கி மட்டும் எழும்புகிறது. யானையின் மத்தகத்தில் மிளாவின் கொம்பு முளைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

தோல்பாவைக்கூத்துக் கோமாளிகளான உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் பார்த்துச் சிரித்து வளர்ந்தவன் நான். நம் மாவட்டத்துக் கூத்தர்கள் பாவையைத் திரையோடு ஒட்டி ஆட்டுவதன் அருமை இப்போதுதான் முழுதாக விளங்குகிறது. அந்த நிறம் வேறு எப்படிப் பிடித்தாலும் வராது.

ஆட்டுத்தோல் வடசேரிச் சந்தைப் பக்கம் வாங்கினேன். முடி நீக்கிச் சுரண்டியபின் கொழுப்புக் கறை இல்லாமல் கண்ணாடிபோல வந்திருக்கிறது. இன்னும் ஒரு தோல் ஊறுகிறது, அது இருவாச்சிக்கு. சிறகு தனியாக அசைய வேண்டும் என்பதால் மூன்று மூட்டு வைக்கப்போகிறேன்.

அரக்கனின் கீழ்த்தாடைதான் பாக்கி. ஆனி ஆடிச் சாரலில் ஈரம் குடித்து ஓலைபோலச் சுருண்டுவிட்டது. புத்தக அடுக்கின் கீழே அழுத்தி வைத்திருக்கிறேன். நிமிர்ந்ததும் குளச்சலில் வாங்கிய வலை நூலால் முடிச்சிட வேண்டும். பருத்தி நூல் இந்த ஈரத்துக்கு இறுகிவிடுகிறது, வாய் திறப்பதே இல்லை.