ஸ்காபரோவில் ஒரு சோற்றுக்கடை திறக்க நாங்கள் பட்ட பாடு

கடை திறந்துவிட்டோம். சுகாதாரப் பரிசோதனையில் தேறியதற்கான பச்சை அட்டையும் கதவில் தொங்குகிறது. ஆனாலும் முதலில் பார்த்த இடத்துக்குக் கட்டிய முற்பணத்தைத் திருப்பி வாங்க அலைந்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. ரொறன்ரோவில் சீட்டுக் காசையும் கைப்பக்குவத்தையும் நம்பிக் கடை போட நினைக்கிறவர்கள், எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்கும் முன் இதை வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நானும் மச்சாளும் பங்காளிகள். இரண்டு பேரும் பல வருடம் மற்றவர்களின் கேட்டரிங் சமையலறைகளில் நின்றவர்கள். மேசை கதிரை போட்டு விருந்து வைக்கும் உணவகம் எங்கள் எண்ணத்தில் இருக்கவில்லை. மாடிக் குடியிருப்புகளில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு மத்தியானச் சோற்றுப் பார்சல், பின்னேர வேலைக்கு ஓடும் பெண்களுக்கு இடியப்பமும் சொதியும், கட்டுப்படியாகிற விலையில். அத்துடன் புதிதாக நாட்டுக்கு வந்து, கனடா அனுபவம் இல்லையென்று எல்லா இடத்திலும் திருப்பி அனுப்பப்படும் பெண்களுக்கு ஒழுங்கான சம்பளத்தில் வேலை. இவ்வளவுதான் திட்டம்.

வணிகப் பெயரை ஒன்ராறியோ அரசின் இணையத்தளத்தில் பதிந்தோம். 60 டொலர், 5 வருடத்துக்குச் செல்லும். ஒரு பின்னேரத்தில் முடிந்தது. இதற்கு நூற்றுக்கணக்கில் காசு கேட்கும் தரகர்கள் இருக்கிறார்கள், கொடுக்காதீர்கள்.

பிரச்சினை இடம் தேடும்போதுதான் தொடங்கியது. ஒரு பிளாசாவில் மூலைக் கடை ஒன்று காலியாக இருந்தது. பஸ் தரிப்பிடம் வாசலில். ஏஜென்ட் எங்கள் ஆள். "அக்கா, இதில முந்தியும் சாப்பாட்டுக் கடைதான் இருந்தது, ஹூட் (புகைபோக்கி) எல்லாம் கிடக்கு, ஒரு கரைச்சலும் வராது" என்று சத்தியம் பண்ணாத குறை. ஸ்காபரோவில் பல பிளாசாக்களில் கடைகள் தனித்தனி ஆட்களுக்குச் சொந்தம். மாடி வீடுகளுக்கு இருப்பது போலவே முழுப் பிளாசாவுக்கும் ஒரு காண்டோ நிர்வாகம் இருக்கும். அந்த நிர்வாகத்தின் சாசனத்தில் எத்தனை கடையில் சமைக்கலாம், எந்தெந்த இலக்கக் கடையில் சமைக்கலாம் என்று எழுதியிருக்கலாம். கடை உரிமையாளர் உங்களோடு எந்த ஒப்பந்தம் போட்டாலும் அந்தச் சாசனத்தைத் தாண்ட முடியாது.

எங்கள் சட்டத்தரணி கெட்டிக்காரி. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தால்தான் கையெழுத்து என்று நின்றார்: மூன்று கிழமைக்குள் சோனிங் (எந்த இடத்தில் என்ன தொழில் செய்யலாம் என்ற நகர விதி), நகரசபை அனுமதி, காண்டோ விதிகள் மூன்றும் எங்கள் தொழிலுக்கு இடம் கொடுக்கின்றன என்று நாங்கள் உறுதி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் முற்பணம் ஒரு சதம் குறையாமல் திரும்ப வேண்டும். ஏஜென்டுக்கு அது பிடிக்கவில்லை. "இப்படி இழுத்தால் வேற ஆள் எடுத்துப்போடும்" என்று அவசரப்படுத்தினார். நாங்கள் அசையவில்லை. அந்த ஒரு வரிதான் எங்களைக் காப்பாற்றியது.

சட்டத்தரணி சாசனத்தை எடுப்பித்து வாசித்தார். சமையல் கடைகளுக்கான இடமெல்லாம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. எங்களுக்குக் காட்டிய கடை அந்தப் பட்டியலிலேயே இல்லை. முன்பு இருந்தது சாப்பாட்டுக் கடைதான், ஆனால் பொதி செய்த பலகாரம் விற்ற கடை. 'ஹூட்' என்று காட்டிய தகரப் பெட்டிக்குப் பின்னால் கூரைக்குப் போகும் குழாயே கிடையாது. ரோல்ஸ் பொரிக்கவும் கொத்துரொட்டி போடவும் எண்ணெய்ப் புகையை வெளியேற்றும் வணிக ஹூட்டும், அதற்குள் தானாகத் தீயணைக்கும் கருவியும் வேண்டும். அந்தக் கருவியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதித்து அட்டை கட்டியிருப்பார்கள். கடை பார்க்கப் போனால் சுவர் வண்ணத்தைப் பார்க்காதீர்கள், முதலில் அந்த அட்டையில் இருக்கும் திகதியைப் பாருங்கள். புதிதாக ஹூட் போடுவதென்றால் கட்டட அனுமதியில் தொடங்கிச் சிறு கடையின் முழு முதலையும் அது விழுங்கிவிடும்.

நிபந்தனை நிறைவேறவில்லை, காசைத் தாருங்கள் என்று எழுதினோம். காசு ஏஜென்ட் நிறுவனத்தின் 'டிரஸ்ட்' கணக்கில், அதாவது மற்றவர்களின் காசைப் பொறுப்பாக வைத்திருக்கும் கணக்கில் இருந்தது. அதை விடுவிக்க இரண்டு தரப்பும் கையெழுத்து வைத்த பத்திரம் வேண்டும். உரிமையாளர் கையெழுத்து வைக்க மாட்டேன் என்றார். கடையை அத்தனை நாள் வேறு ஆளுக்குக் காட்டாமல் வைத்திருந்ததற்கு ஒரு மாத வாடகையைக் கழிக்க வேண்டுமாம். நிறுவனத்தின் முன்மேசையில் இருந்த பெண் போகும்போதெல்லாம் ஒரே பதில்தான் சொன்னார்: "அவருக்கு அனுப்பியிருக்கிறம், பதில் வரேல்லை." திரும்ப அழைப்பதாகச் சொல்வார், அழைக்கமாட்டார். எங்களைக் கூட்டிப்போன ஏஜென்ட் தொலைபேசியை எடுப்பதையே விட்டுவிட்டார். அந்த நேரம் நாங்கள் இரண்டு பேரும் வேலையை விட்டிருந்தோம்.

கடைசியில் சட்டத்தரணி, சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவிருக்கும் மனுவை நிரப்பி, அதன் பிரதியை உரிமையாளருக்கு அனுப்பினார். அங்கே வழக்குப் போட 2025 ஒக்ரோபரிலிருந்து 50,000 டொலர் வரை அனுமதி. முற்பணம் போன்ற தகராறுகளுக்கு அது தாராளம். கையெழுத்து வந்தது, முழுக் காசும் வந்தது. சட்டத்தரணிக்குக் கொடுத்தது வரவே வராது, கோடை காலத்துக்குள் திறக்கலாம் என்றிருந்த கனவும் போனது. ஆனால் ஒரு மாத வாடகையை அவருக்கு விட்டுக்கொடுக்கவில்லை. அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

இன்னொன்று: வீட்டு வாடகைக்கு இருக்கும் பாதுகாப்பை மனதில் வைத்துக்கொண்டு கடை எடுக்காதீர்கள். ஒன்ராறியோவில் கடை வாடகைக்கு உச்சவரம்பு கிடையாது, வீட்டு வாடகைத் தீர்ப்பாயமும் உங்களைக் கவனிக்காது. வாடகை தவறி 15 நாள் கடந்துவிட்டால் உரிமையாளர் நீதிமன்றம் போகாமலே பூட்டை மாற்றலாம். விளம்பரத்தில் போடும் வாடகைக்கு மேல் சொத்து வரி, பராமரிப்பு, காப்புறுதி என்று இன்னொரு தொகை வரும், அதற்கும் மேல் 13 சதவீத விற்பனை வரி. மூன்றையும் கூட்டிப் பார்த்தபிறகு பேசுங்கள்.

இரண்டாவது இடம், நடந்துகொண்டிருந்த ஒரு டேக்-அவுட் கடை. வயது போய்விட்டது, விற்கிறேன் என்றார் கடைக்காரர். ஹூட்டில் அட்டை சரியாக இருந்தது. கழிவெண்ணெய்த் தொட்டி தரைக்கடியில் இருந்தது. அதைத் திறந்து பார்க்கச் சொன்னது பக்கத்தில் நாண் ரொட்டிக் கடை வைத்திருக்கும் ஆப்கான் அண்ணர். தன் கடையை எடுத்தபோது அந்தத் தொட்டி வெடித்துப்போய்க் கிடந்ததாம். அதே வரிசையில் முடி பின்னும் கடை வைத்திருக்கும் ஜமேக்கா அக்கா வேறொன்று சொன்னார். அவர் முன்பு எக்ளின்டன் மேற்கில், லிட்டில் ஜமேக்காவில் இருந்தவர். 2011இல் தொடங்கிய இலகு ரயில் வேலை அங்கே வருடக்கணக்காக வீதியை அடைத்துப் பல கடைகளைப் பூட்ட வைத்தது. "கடைக்கு முன்னால் எப்போது தோண்டப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பிறகு வாடகை பேசு" என்றார். ஸ்காபரோவிலும் மக்கோவன் வீதியில் லோரன்ஸ், ஷெப்பேர்ட் சந்திகளில் சுரங்க ரயில் நிலையம் கட்டுகிறார்கள். அந்தப் பக்கம் கடை எடுப்பவர்கள் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இப்படி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் இருந்தால் எங்களைப் போன்றவர்கள் இந்த நகரத்தில் நின்றுபிடிக்க வழியே இல்லை.

பழைய கடையை வாங்குவதிலும் பொறி உண்டு. "லைசன்சையும் சேர்த்துத் தாறன்" என்றார் அந்த ஐயா. ரொறன்ரோவில் உணவக அனுமதிப்பத்திரம் ஆள் மாறினால் கூடவே வராது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கென்று விலையில் ஒரு டொலரும் கூட்டிக் கொடுக்காதீர்கள். அடுத்தது பொருட்கள். பெரிய குளிரூட்டியும் தட்டை அடுப்பும் விலைப்பட்டியலில் இருந்தன. பொருட்களின் மேல் இருக்கும் கடனைப் பதியும் மாகாணத்தின் தனியாள் சொத்துப் பதிவேட்டில் கடைக்காரரின் பெயரைப் போட்டுத் தேடினோம். சில டொலர்தான் செலவு. இரண்டும் ஒரு லீசிங் நிறுவனத்துக்குச் சொந்தம், கட்டுக்காசு இன்னும் மிச்சம்! வாங்கியிருந்தால் ஒருநாள் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போயிருக்கும். ஐயா வேண்டுமென்று மறைத்தார் என்று நான் நினைக்கவில்லை. கட்டி முடித்துவிட்டதாகவே நம்பியிருந்தார். மிச்சத்தைக் கட்டித் தீர்த்த கடிதம் வந்த பிறகுதான் காசைக் கொடுத்தோம்.

அடுத்தது வங்கி. மச்சாளின் பங்கு முழுக்கச் சீட்டுக் காசு. முதல் வங்கியில் இருந்த கடன் அதிகாரி அதைக் கேட்டதும் முகத்தை மாற்றிவிட்டார். மாதாமாதம் ஆட்கள் சேர்ந்து போட்டு முறை வைத்து எடுக்கும் காசு என்று எவ்வளவு விளக்கியும், இது சேமிப்பா கடனா என்று அதே கேள்வியையே கேட்டார். சிறு வணிகங்களுக்கான மத்திய அரசின் கடனுத்தரவாதத் திட்டம் பற்றிக் கேட்டோம். உணவகத்துக்கு அது கிடையாது என்று அடித்துச் சொன்னார். அது தவறு. கருவி வாங்கவும் வாடகை இடத்தைத் திருத்தவும் உணவகங்களும் அதில் கடன் எடுக்கலாம். கடன் திரும்பாவிட்டால் வங்கியின் நட்டத்தில் 85 சதவீதத்தை அரசு ஏற்கிறது. 2 சதவீதப் பதிவுக் கட்டணத்தைக் கடனோடு சேர்த்துக்கொள்ளலாம். திட்டத்தின் விதிகளை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். ஒரு கிளையில் இல்லையென்றால் இன்னொரு கிளைக்குப் போங்கள்.

நாங்கள் இரண்டாவதாகப் போன இடத்தில் இருந்தவர் கானாவிலிருந்து வந்தவர். தன் தாயாரும் இப்படிச் சேர்ந்து காசு போட்டுத்தான் பிள்ளைகளைப் படிப்பித்தவர் என்றார். அவருக்கும் தாள் வேண்டும்தான். ஆனால் எந்தத் தாள் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். சீட்டுப் பிடிக்கும் அக்கா தன் கொப்பியைப் பிரதியெடுத்து, கையெழுத்திட்ட கடிதத்தோடு தந்தார். மச்சாள் மாதாமாதம் அனுப்பிய இணையப் பரிமாற்றங்களை வங்கி அறிக்கையில் குறித்துக் கொடுத்தோம். சீட்டுக் கட்டுபவர்களுக்குச் சொல்கிறேன், காசாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள், தடம் இருக்கும். 10,000 டொலரும் அதற்கு மேலும் காசாகப் போட்டால் வங்கி அரசுக்கு அறிவிக்கும். அது வழமை, குற்றமில்லை. அதற்குப் பயந்து துண்டு துண்டாகப் போடுவதுதான் வீண் சந்தேகத்தைக் கொண்டுவரும்.

பெயர் விவகாரத்தையும் சொல்லவேண்டும். எங்கள் ஆட்களின் பெயர் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மாதிரி. மச்சாளின் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னுக்கு, நிரந்தர வதிவிட அட்டையில் பின்னுக்கு, உணவு கையாளும் சான்றிதழில் கணவர் பெயர். அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கப் போன கவுண்டரில் இருந்தவர் மூன்றையும் பார்த்துவிட்டு, இவை மூன்று ஆட்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். என்ன கொண்டுவந்தால் போதும் என்று கேட்டதற்கும் பதில் இல்லை. மூன்று பெயரும் ஒரே ஆளுடையவை என்று சத்தியக் கடதாசி ஒன்று எழுதி, சத்தியப்பிரமாண ஆணையாளர் முன் கையெழுத்து வைத்துக்கொண்டு போனோம். ஏற்றுக்கொண்டார்கள். அதில் நாலு பிரதி எடுத்து வைத்திருங்கள், பிறகும் தேவைப்படும்.

சுகாதாரப் பரிசோதனைக்குத்தான் மிகவும் பயந்தோம், அதுதான் சுமுகமாக முடிந்தது. கை கழுவத் தனித் தொட்டி, சூடான சாப்பாடு 60 பாகைக்கு மேல், குளிரானது 4 பாகைக்குக் கீழ். பரிசோதகர் தேங்காய்ச் சம்பலைத்தான் துருவித் துருவிக் கேட்டார். அரைத்த உடனே குளிரூட்டிக்குள் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்போம் என்று காட்டினோம், தலையாட்டினார். கடை திறந்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் சான்றிதழ் உள்ள ஒருவர் உள்ளே இருக்க வேண்டும். ஆகவே பங்காளி ஒருவர் மட்டும் எடுத்தால் போதாது. வேலைக்கு வரும் பெண்களுக்கும் எங்கள் செலவில் எடுப்பித்தோம்.

விற்பனை வரி இலக்கத்தை 30,000 டொலர் விற்பனை வரும்வரை தள்ளிப் போடலாம் என்று பலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். முன்கூட்டியே பதிந்தால் திருத்த வேலைக்கும் கருவிக்கும் கட்டிய விற்பனை வரியைத் திரும்பப் பெறலாம். எங்களுக்கு அந்தக் காசுதான் முதல் மாத அரிசிக்கும் மரக்கறிக்கும் உதவியது. கல்லா இயந்திரத்தைப் பொருத்த வந்தவர் எல்லாவற்றுக்கும் 13 சதவீதம் போட்டுவிட்டுப் போய்விட்டார். தேநீரும் வடையும் வாங்கிய ஒரு ஐயா பற்றுச்சீட்டைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, நாலு டொலருக்குள்ள எண்டால் அஞ்சு வீதம்தானே" என்றார். அவர் சொன்னது சரி. தயாரித்த உணவின் மொத்த விலை 4 டொலரும் அதற்குக் குறைவும் என்றால் மாகாணப் பங்கு 8 சதவீதம் கழியும். பொருத்தியவரைத் திரும்பக் கூப்பிட்டோம், திருத்த வேறு கட்டணம் கேட்டார். மறுத்து, அவரைக்கொண்டே இலவசமாகச் செய்வித்தோம். எங்களிடம் வருபவர்களில் பாதிப்பேர் இரண்டு மூன்று டொலருக்கு வாங்குபவர்கள். அவர்களிடம் கூடுதலாக எடுக்க எங்களுக்கு மனம் வராது.

சம்பளத்தைக் கையில் காசாகக் கொடுக்கச் சொல்லி எங்களுக்கு அறிவுரை சொன்னவர்கள் கொஞ்சப் பேரல்ல. நாங்கள் மறுத்துவிட்டோம். 2025 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்த 17.60 டொலர் குறைந்தபட்சச் சம்பளம், அதற்குச் சம்பளச் சீட்டு. வாடகை வீடு எடுக்கவும் வேலையில்லாக் காப்புறுதி கேட்கவும் அந்தச் சீட்டு இல்லாமல் இங்கே ஒருவரும் நிமிர முடியாது. முதல் ஆளை வேலைக்கு எடுத்து 10 நாளுக்குள் வேலையிட விபத்துக் காப்புறுதிச் சபையில் பதியுங்கள். சம்பளத்தில் பிடித்த வரியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் கட்ட வேண்டும். அந்தக் காசுக்குத் தனிக் கணக்கு வையுங்கள், வாடகை முட்டினாலும் அதில் கைவைக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் நாங்கள் போட்ட நிபந்தனை வரியின் பிரதி கடையில் இருக்கிறது. கையெழுத்து வைக்கப் போகிறவர்கள் வந்து கேட்டால் தருவோம். உங்கள் சட்டத்தரணியிடம் காட்டி உங்கள் கடைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். செவ்வாயில் கடை பூட்டு, மற்ற நாளில் மத்தியானக் கூட்டம் குறைந்து இரண்டு மணிக்குப் பிறகு வாருங்கள், இருந்து பேசலாம்.